தண்ணீர் வந்த தேதி

"படைப்பணியால் விளைந்ததன்று,
படைப்பணியால் மிகுந்ததுமன்று."
இரண்டே வரியில் மருத்துவ வாரியம்
என் வீட்டுக்காரரின் காதுகளைத்
திருப்பி அனுப்பிவிட்டது.

பதினேழு வருடம் பீரங்கிப் படை.
சுடும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்களாம்,
உள்ளே போன சத்தம் வெளியே போய்விடும் என்று.
போகவில்லை.

ஓய்வுக்குப் பின் என்ன செய்தீர்கள் என்று
ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்கள்.
"மன்னார்குடி ரைஸ் மில்லு, பதினோரு வருசம்!"
உண்மையைச் சொன்னார்,
அதையும் கத்திச் சொன்னார்.
பேனாக்காரருக்கு அது போதும்.
பீரங்கி தப்பித்தது,
அரவை மிஷின் குற்றவாளியானது.

வக்கீல் ஜெசிந்தா கேட்டார்:
மில்லுக்குப் போகும் முன்பே கேட்கவில்லை என்பதற்கு
ஏதாவது இருக்கிறதா, அஞ்சம்மாள்?

ஒரு ராத்திரி இருக்கிறது என்றேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம்.
நாற்பது நாள் லீவில் வந்திருந்தார்.
கல்லணை திறந்து பதினாறு நாள்,
எங்கள் கடைமடைக்கு இன்னும் வரவில்லை.
பாமணியாறு வெறும் மணல்.
நாற்றங்காலுக்கு விதை மூட்டையில் முளைவிட்டுக் காத்திருந்தது.

மூன்றாம் சாமத்தில் வந்தது.
முதலில் சருகு நகர்கிற சத்தம்,
சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு
யாரோ மெல்ல நடக்கிறது போல.
பிறகு தவளை.
பிறகு மதகுப் பலகையின் அதிர்வு.
தெருவே எழுந்து ஓடியது.
தொட்டில் பிள்ளைகள்கூட விழித்துக்கொண்டன.

இவர் தூங்கினார்.

தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்து
"கிதர்?" என்றார்.
தண்ணி வந்துடுச்சு என்றேன்.
"கண்ணியா? எங்க புதைச்சிருக்கு?"
சிரித்தேன்.
எனக்கு இருபத்து மூன்று வயது,
குறும்பு என்று நினைத்துவிட்டேன்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை.
"தேதி?"

தேதி எனக்கெங்கே தெரியும்?
லஸ்கர் பக்கிரிசாமிக்குத் தெரிந்திருக்கும்,
அவர் போய்ச் சேர்ந்தாயிற்று.
அவர் நோட்டு போகவில்லை.
தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி
மூன்று மாதம் கழித்து ஒரு நகல் வந்தது,
ஓரத்தில் எலி கடித்தது.
"இரவு 2.40. நீர் வரவு. ஒன்றரை அடி.
பலகை இரண்டு தூக்கப்பட்டது."
லீவுச் சீட்டை எடுத்து வைத்துப் பார்த்தோம்.
அவர் வந்த பன்னிரண்டாம் நாள்.

படையில் சேரும்போது காது சரியாக இருந்ததென
அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்,
சந்தேகம் வந்தால்
அது சிப்பாய் பக்கம் சாய வேண்டும் என்பது சட்டம்
என்றார் ஜெசிந்தா.
ஐப்பசி மழையில் சாய்ந்த நெல்லைப் பார்த்திருக்கிறேன்,
சட்டம் சாயும் என்று அன்றுதான் கேட்டேன்.

சென்னையில் தீர்ப்பாயம்.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்:
தண்ணீர் வந்ததற்குப் பதிவு இருக்கிறது,
மனுதாரர் தூங்கியதற்கு?
அசந்து தூங்குவதும் ஊனமா?

என்னைப் பேசச் சொன்னார்கள்.
கடைமடைக்காரன் ஐயா,
தண்ணிச் சத்தம் கேட்டால் பாடையிலிருந்தும் எழுந்திருப்பான்
என்றேன்.
மன்றமே சிரித்தது.
எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து
உத்திராபதியும் சிரித்தார்.
திரும்பும் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டும்வரை
என்ன சொன்னே, என்ன சொன்னே என்று நச்சரிப்பு.
உள்ளங்கையில் விரலால் எழுதினேன்,
'பாடை' என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை.

வழக்கு ஆவணிக்குத் தள்ளிப்போனது.

நேற்று ராத்திரி இவரைப் பாயில் காணோம்.
டார்ச்சோடு போனால்
வறண்ட வாய்க்காலில் காலை இறக்கிவிட்டு
மதகடியில் உட்கார்ந்திருக்கிறார்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை,
தவளைக்கும் கேட்கவில்லை.
இவர் உள்ளங்காலுக்கு மட்டும் எதுவோ வந்திருக்கிறது.
"வந்துடுச்சு!"
பீரங்கிக்காரர் குரல்,
தெரு மொத்தமும் எழுந்து ஓடி வந்தது.
கால்மணி நேரம் கழித்துத்தான்
சருகு நகர்ந்தது.

இதை மட்டும்
ஜெசிந்தாவிடம் சொல்லக் கூடாது.